எண்ணி எண்ணித் தின்ற விஷக்காய்

விஸ்வநத்தம் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது தெரியும். மருந்து பட்ட கையோட அடுப்புகிட்ட போகாதே, வெடிக்காத வெடியை எடுத்துக் குடையாதேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. உராய்வு, தீப்பொறி, வேதிவினைன்னு அவங்க விளக்கம் சொல்ல மாட்டாங்க. நாமளும் பல நேரம் சரி சரின்னு தலையாட்டிட்டுப் போயிடுவோம். இப்படி ஒரு எச்சரிக்கையைக் கேட்காத ஒரு சின்னப் பொண்ணோட கதையைத்தான் இப்போ படிக்கப் போறீங்க.

அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். 1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தின் மில்லிஸ்லே என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவின் குடும்பத்துக்கு மாவு மில் இருந்தது. லபர்னம்னு ஒரு மரம். நம்ம ஊர் சரக்கொன்றை மாதிரியே மஞ்சள் பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதன் காய் விஷம், தொடாதீங்க என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். ஏமியும் தம்பிகளும் என்ன செஞ்சாங்க தெரியுமா? சாகுறதுக்கு முன்னாடி எத்தனை காய் தின்ன முடியும்னு எண்ணிப் பார்த்தாங்க! நல்லவேளை, கசப்பு மருந்தோடு உயிர் தப்பியது.

அதே ஏமி வளர்ந்த பிறகு எப்படி மாறினார் என்று பாருங்கள். 1885-ல் அப்பா இறந்துவிட்டார். 1892-ல், தொலைதூர நாடுகளுக்கு ஊழியத்துக்குப் போகக் கடவுள் அழைப்பதாக உணர்ந்தார். அப்போது அவருக்கு 24 வயது. யாரையும் கேட்காமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் முதலில் விதவைத் தாய்க்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார். மகளைப் பிரிவது அந்தத் தாய்க்கு எளிதல்ல. ஆனாலும் கடவுள் கொடுத்த மகளைக் கடவுளிடமே ஒப்படைப்பதாகப் பதில் எழுதினார்.

முதலில் ஜப்பான். 1895-ல் இந்தியா. பிறகு நம்ம திருநெல்வேலிச் சீமை. 1901 மார்ச்சில், பண்ணைவிளையில் ஏமி இருந்த வீட்டுக்குப் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்டவள். அதற்கு முன்பே ஒருமுறை தப்பி அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். அம்மாவே திருப்பி அனுப்பிவிட்டார். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரணும். பெத்தவங்க சொல்றதை எல்லாம் கேட்கணும்னா, பிரீனா திரும்பிப் போயிருக்கணுமா? இல்லை. தாய் தகப்பனை மதிக்கச் சொல்வது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஆனால் எபேசியருக்கு எழுதும்போது பவுல், கர்த்தருக்குள் கீழ்ப்படியச் சொல்கிறார்; தகப்பன்மாருக்கும் எல்லை வகுக்கிறார். லபர்னம் காயைத் தொடாதே என்பது பிள்ளையைக் காக்கிற சொல். கோயிலுக்குத் திரும்பிப் போ என்பது பிள்ளையைப் பலி கொடுக்கிற சொல். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

அந்த ஆண்டே ஏமி களக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள தோனாவூரில் தங்கினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அவர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். ஒருகாலத்தில் எச்சரிக்கையை விளையாட்டாக எடுத்தவர், இப்போது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எச்சரித்து வளர்க்கும் இடத்தில் இருந்தார். சொந்தத் தாயும் 1904-ல் தோனாவூருக்கே வந்து ஓராண்டுக்கு மேல் தங்கி உதவினார். 1918-ல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள்.

1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். கடைசி இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி படுக்கையில்தான். அங்கிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒழித்தது; அதையும் பார்த்துவிட்டு, 1951 ஜனவரி 18-ல் தோனாவூரிலேயே மறைந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள்.

அடுத்த தடவை வீட்டுல இருந்து போன் வந்து, ராத்திரி பைக்கை வேகமா ஓட்டாதே, அந்தக் கூட்டத்தோட சேராதேன்னு சொன்னா, கட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. இந்தச் சொல் என்னைக் காக்குதா? ஆமான்னா, கேட்டுக்கோங்க. காயை எண்ணிப் பார்க்க வேண்டாம்.