குதிரைக்காக துப்பாக்கியைக் கொடுத்தவர், அலமோவில் உயிரைக் கொடுத்தார்... யார் இந்த டேவி கிராக்கெட்?

தலையில் ரக்கூன் தோல் தொப்பி, கையில் ஆளுயர துப்பாக்கி... அமெரிக்கக் குழந்தைகளுக்கு டேவி கிராக்கெட் இப்படித்தான் தெரியும். 1950களில் டிஸ்னி டிவி தொடர் வந்த பிறகு அந்தத் தொப்பியை வாங்க கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஆனா நிஜ கிராக்கெட்டின் வாழ்க்கை கடன், வறுமை, தேர்தல் தோல்வி எல்லாம் நிறைந்தது. அதில் அவர் கைக்கு வந்த துப்பாக்கிகளுக்கும் முக்கிய பங்கு உண்டு.

அப்பாவின் கடனை அடைத்த பையன்

1786 ஆகஸ்ட் 17ல், இன்றைய டென்னசி மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர் கிராக்கெட். அப்பா சாலையோரத்தில் ஒரு சின்ன விடுதி நடத்தினார். வருமானத்தை விட கடன்தான் அதிகம். 12 வயதிலேயே மாடு ஓட்டிச் செல்லும் ஒருவரிடம் மகனை வேலைக்கு அனுப்பிவிட்டார்.

பிறகு பள்ளிக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்த பையன், அப்பாவின் அடிக்குப் பயந்து வீட்டை விட்டே ஓடிப்போனான். சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அப்பாவின் கடன் அப்படியே காத்திருந்தது. ஒருவருக்கு 36 டாலர், இன்னொருவருக்கு 40 டாலர். இரண்டையும் அடைக்க தலா 6 மாதம் கூலி இல்லாமல் உழைத்தார். அன்றைக்கு ஒரு இளைஞனின் அரை வருஷ உழைப்பின் மதிப்பு அவ்வளவுதான்.

துப்பாக்கி போச்சு, குதிரை வந்துச்சு

அந்தக் காலத்தில் காட்டோரக் குடும்பத்துக்கு துப்பாக்கி என்பது ஆடம்பரம் இல்லை. சாப்பாட்டுக்கு மான், விற்பதற்குத் தோல், ஆபத்து வந்தால் பாதுகாப்பு, எல்லாமே அதில்தான். கிராக்கெட்டும் பதின்ம வயதிலேயே ஒரு துப்பாக்கியைச் சொந்தமாக்கிக்கொண்டார். ஊரில் நடக்கும் சுடும் போட்டிகளிலும் கலந்துகொண்டு மாட்டிறைச்சியைப் பரிசாக வென்றார்.

அப்புறம் கல்யாண ஆசை வந்தது. பாலி ஃபின்லி என்ற பெண்ணைப் பிடித்துப்போனது. மணமகளை அழைத்துவர குதிரை வேண்டுமே! மலிவான ஒரு குதிரைக்காக ஏற்கனவே உழைத்து வந்தார். ஆனா கெடு முடியும்வரை காத்திருக்க மனசில்லை. துப்பாக்கியைக் கொடுத்து கணக்கை முடித்து, குதிரையை ஓட்டி வந்தார். 1806 ஆகஸ்டில் திருமணம் நடந்தது.

அவரது முதல் துப்பாக்கி என்று கருதப்படும் ஒன்று, டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் கிழக்கு டென்னசி வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படி என்ன ஸ்பெஷல் அந்த துப்பாக்கியில்?

இதன் பெயர் 'லாங் ரைஃபிள்'. கென்டக்கி ரைஃபிள் என்றும் சொல்வார்கள். ஆனா பிறந்த இடம் பென்சில்வேனியா. 1700களில் அங்கு குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கியது. குழல் மட்டுமே 40 அங்குலத்துக்கும் மேல் நீளும். பின்கட்டை மேப்பிள் மரம்.

குண்டு போடுவது குழலின் வாய் வழியாகத்தான். முதலில் கரிமருந்தைக் கொட்டணும். பிறகு எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீளமான கோலால் அடிவரை தள்ளணும். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் மோதி தீப்பொறி பறக்கும், மருந்து பற்றிக்கொள்ளும், குண்டு பாயும்.

குழலின் உள்சுவரில் சுருள் வடிவில் வரிப்பள்ளங்கள் இருக்கும். இவை குண்டைச் சுழல வைப்பதால் அது திசை மாறாமல் பறக்கும். ராணுவ மஸ்கட் துப்பாக்கியின் குறி 100 கெஜத்துக்குள்ளேயே தவறும்போது, இது 200 கெஜம் வரைகூட குறி வைக்கும். என்ன, ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து திணிக்க அரை நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

போர்க்களத்தில் இருந்து நாடாளுமன்றத்துக்கு

1813ல் கிரீக் பழங்குடியினருக்கு எதிரான போரில் ஆண்ட்ரூ ஜாக்சன் படையில் சேர்ந்தார் கிராக்கெட். உளவு பார்ப்பதும், பட்டினி கிடந்த வீரர்களுக்கு வேட்டையாடிக் கொண்டுவருவதும் அவர் வேலை. தலஷாட்சி கிராமம் தாக்கப்பட்டபோது பூர்வகுடிகள் வீட்டுக்குள்ளேயே எரிந்து செத்ததை அவர் நேரில் பார்த்தார். 1834ல் வெளியான தன் சுயசரிதையில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

1815ல் மனைவி பாலி இறந்தார். பிறகு எலிசபெத் பேட்டன் என்ற விதவையை மணந்தார். 1821ல் டென்னசி சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அதே காலகட்டத்தில் வெள்ளம் வந்து அவரது மாவு ஆலையையும் சாராய வடிப்பாலையையும் அடித்துக்கொண்டு போனது. மீண்டும் கடன், மீண்டும் காடு. ஒரே வருஷத்தில் 105 கரடிகளைச் சுட்டதாக சுயசரிதையில் சொல்கிறார். 1827ல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

பதவியைப் பறித்த ஒரு ஓட்டு

1830ல் அதிபர் ஜாக்சன், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வெளியேற்றும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பழைய தளபதி, சொந்த மாகாணத்துக்காரர், செல்வாக்கின் உச்சத்தில் இருந்தவர். ஆனாலும் கிராக்கெட் எதிர்த்து ஓட்டுப் போட்டார். டென்னசி உறுப்பினர்களில் எதிர்த்தவர் அவர் ஒருவர்தான். சட்டம் நிறைவேறியது, 1831 தேர்தலில் கிராக்கெட் தோற்றார்.

1833ல் மறுபடி ஜெயித்தார். ஜாக்சனை எதிர்த்த விக் கட்சி ஆதரவாளர்கள் பிலடெல்பியாவில் வேலைப்பாடு மிக்க ஒரு ரைஃபிளை அவருக்குப் பரிசளித்தனர். ஒரு காலத்தில் துப்பாக்கியை விட்டுக்கொடுத்து குதிரை வாங்கியவருக்கு, இப்போது துப்பாக்கி தேடி வந்தது. ஆனா 1835ல் மீண்டும் தோல்வி. கிளம்பிவிட்டார் டெக்சாஸுக்கு.

அலமோவில் நடந்தது என்ன?

டெக்சாஸ் அப்போது மெக்சிகோ வசம் இருந்தது. அங்கு குடியேறிய அமெரிக்கர்கள் கிளர்ச்சியில் இறங்கியிருந்தனர். மெக்சிகோ தடை செய்த அடிமை முறையைத் தக்கவைப்பதும் அந்தச் சண்டையின் காரணங்களில் ஒன்று. கிராக்கெட்டுக்கோ புது நிலம், புது அரசியல் வாழ்வு கிடைக்கும் என்ற கணக்கு.

1836 பிப்ரவரி 23ல் ஜெனரல் சாண்டா அன்னாவின் படை, சான் அன்டோனியோவில் உள்ள அலமோவை முற்றுகையிட்டது. உள்ளே சுமார் 200 பேர். 13வது நாளான மார்ச் 6 விடியலில் எல்லாம் முடிந்தது. கிராக்கெட்டுக்கு வயது 49.

கடைசிவரை சுட்டுக்கொண்டே விழுந்தாரா, பிடிபட்டுக் கொல்லப்பட்டாரா? 1955ல் ஸ்பானிய மொழியில் வெளியான மெக்சிகோ அதிகாரி டெ லா பென்யாவின் நினைவுக் குறிப்பு இரண்டாவதைச் சொல்கிறது. அந்தக் குறிப்பை எந்தளவு நம்பலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை.

பழைய துப்பாக்கிக்கு மதிப்பு எப்படி வருது?

இப்படிப்பட்ட துப்பாக்கிகளுக்கு வயது மட்டுமே விலையைத் தீர்மானிக்காது. செய்த கொல்லரின் பெயர் குழலில் பொறித்திருக்கிறதா, குழலும் விசையும் அசலா என்று பார்ப்பார்கள். சக்கிமுக்கி விசையைப் பின்னாளில் கேப் விசையாக மாற்றியிருந்தால் மதிப்பு குறையலாம். பளபளப்பாகத் தேய்த்துச் சுத்தம் செய்தாலும் அப்படித்தான். யார் கையில் இருந்தது என்பதற்குக் கடிதமோ ரசீதோ இருந்தால் மதிப்பு எங்கேயோ போய்விடும். ஆதாரம் இல்லாத குடும்பக் கதைக்கு அந்த மரியாதை கிடையாது.

கிராக்கெட் தேடிப்போன நிலம் கடைசியில் அவர் மனைவிக்குத்தான் கிடைத்தது. கணவரின் போர்ச் சேவைக்காக டெக்சாஸில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் குடியேறிய எலிசபெத், 1860ல் இறந்து ஆக்டன் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறை இருக்கும் இடம்தான் டெக்சாஸின் மிகச் சிறிய அரசு வரலாற்றுத் தலம்.