என்பு நூல் கண்ட வெசாலியஸ்

நம் கல்லூரி விலங்கியற் கூடத்தின் ஒரு மூலையில், கண்ணாடிப் பேழையுள் மனித என்புக்கூடு ஒன்று தொங்குகின்றது. அதனைக் கண்டு அஞ்சி அகல்வாரும் நகைத்து அகல்வாரும் பலர். நின்று நோக்குவார் சிலரே. தமிழ் பயிலும் யாமும் நெடுநாள் அவ்வாறே அகன்றனம். ஆயின், அக்கூட்டின் உறுப்புக்களை உள்ளவாறு கண்டு உலகிற்கு உரைத்த பெரியார் ஒருவர்தம் வரலாற்றை அறிந்த பின்னர், சிறிது நின்று நோக்காது செல்ல எம் கால்கள் இசைவதில்லை. அப்பெரியாரே அந்திரேயாஸ் வெசாலியஸ் என்பார்.

வெசாலியஸ் 1514ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரில் தோன்றினார். அவர் முன்னோர் வழிவழி மருத்துவர். தந்தையார் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கு மருந்து கூட்டித் தரும் பணியினர். லூவேன் நகரில் மொழிகளும் கலைகளும் கற்ற வெசாலியஸ், 1533இல் மருத்துவம் பயிலப் பாரிஸ் சென்றார்.

அக்காலத்து மருத்துவ மாணவர்க்குக் கேலன் என்பாரின் நூல்களே முடிந்த முடிபாக விளங்கின. கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையிற் புகழெய்திய கிரேக்க மருத்துவர். மனித உடலை அறுத்து நோக்க அந்நாட்டு வழக்கம் இடந்தராமையின், அவர் குரங்கு, பன்றி முதலியவற்றை அறுத்துக் கண்டவற்றையே பெரும்பாலும் மனிதர்க்கும் ஏற்றி எழுதினார். பின்வந்தோர் 1,300 ஆண்டுகள் அவர் சொல்லைக் கடவாது நின்றனர். பேராசிரியர் உயர்ந்த பீடத்தமர்ந்து நூலை ஓதுவார். கீழே நாவிதர் ஒருவர் உடலை அறுப்பார். ஓதுபவர் உடலைத் தொடார், அறுப்பவர் நூலை அறியார். நூலும் உடலும் மாறுபடின் குற்றம் உடலின் மேலதே ஆகும்!

இம்முறை வெசாலியஸுக்கு நிறைவளிக்கவில்லை. பாரிஸ் நகரின் பழைய இடுகாட்டில் குவிந்து கிடந்த என்புகளிடையே அவரும் தோழரும் நெடும்பொழுது கழித்தனர். கண்ணைக் கட்டிக்கொண்டு, கையிற் கொடுத்த என்பு யாதெனத் தடவியே கூறுவதாகப் பந்தயம் வைத்துப் பயின்றனர். இஃது எளிதன்று. வளர்ந்த மனிதனின் 206 என்புகளுள் 106 கைகளிலும் பாதங்களிலுமே உள்ளன. மணிக்கட்டின் எட்டும் சிறு கூழாங்கற்களையே ஒக்கும். அவற்றையும் பிரித்தறியும் கைத்திறம் நூலோதுதலால் மட்டும் வருவதன்று.

1536இல் போர் மூண்டமையால் அவர் லூவேனுக்கு மீண்டார். ஒருநாள் நண்பர் கெம்மா பிரிசியஸுடன் நகர்ப்புறத்தே உலாவச் சென்றவர், கொலைக்களத்துக் கம்பத்தில் ஓர் உடலைக் கண்டார். புள்ளினம் தசையைத் தின்றுவிட, மூட்டுக்களைப் பிணிக்கும் நார்கள் மட்டும் அறாது நின்று, என்புகளைக் கோத்தபடியே தாங்கியிருந்தன. வெசாலியஸ் கம்பத்தின் மேலேறிக் கைகால்களை எடுத்து மறைவாக வீடு சேர்த்தார். மார்புக்கூட்டைப் பெறுதற்பொருட்டு இரவில் நகர வாயில் அடைக்கப்பட்ட பின்னரும் வெளியிலேயே தங்கினார். காணாதிருந்த முழங்காற் சில்லு முதலிய சிலவற்றை வேறிடத்தே தேடி நிரப்பி, கூட்டினை முழுமையாக அமைத்தார். வினவியோர்க்குப் பாரிஸிலிருந்து கொணர்ந்ததாகக் கூறினார்! இறந்தோர் உடலை இங்ஙனம் கவர்தலை யாம் புகழேம். பின்னாளில் அவர் மாணாக்கர் கல்லறைகளையும் விட்டிலர். பெயரறியா ஏழையரின் உடல்கள் அவர்தம் இசைவின்றியே இக்கலைக்கு உதவின என்பதை மறத்தல் நன்றியன்று.

1537 டிசம்பரில் பாதுவாப் பல்கலைக் கழகத்திற் பட்டம் பெற்ற மறுநாளே அவர் ஆசிரியராக அமர்த்தப்பெற்றார். அப்பொழுது அவர்க்கு 23 ஆண்டும் நிரம்பவில்லை. பீடத்தை விட்டு இறங்கித் தாமே அறுத்துத் தாமே காட்டிக் கற்பித்தார். எனினும் அவரும் உடனே தெளிந்தாரல்லர். 1538இல் வெளியிட்ட ஆறு படங்களுள், கேலன் சொல்லை நம்பி, மனிதன் ஈரலை ஐந்து மடல் உடையதாக வரைந்தார். ஆசிரியர் சொல் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்னர்க் குரங்கின் என்புக்கூட்டையும் மனிதன் என்புக்கூட்டையும் ஒப்புநோக்கினார். கேலன் கூறிய முதுகெலும்பின் முனைப்பு ஒன்று குரங்கிற்கு உளதாய் மனிதனுக்கு இலதாயிற்று. கேலன் வரைந்தது மனிதனை அன்று என்னும் உண்மை அப்பொழுது வெளிப்பட்டது. கீழ்த்தாடை இரண்டு என்பு என்றார் கேலன். ஒன்றே எனக் கண்டார் வெசாலியஸ். மார்பின் நடுவென்பு ஏழு பகுதி என்றார் அவர். மூன்றே எனக் கண்டார் இவர். ஏவாளைப் படைத்தற்கு ஆதாமின் விலா என்பு எடுக்கப்பட்டமையின் ஆடவர்க்கு ஒன்று குறைவு எனப் பலர் நம்பினர். வெசாலியஸ் எண்ணிப் பார்த்து, இருபாலார்க்கும் பன்னிரண்டு இணையே என்றார். இதனால் வேதத்திற்கு வந்த இழுக்கு யாது? தந்தையின் உடற்காயம் மைந்தர்க்கு வழிவழி வருவதன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து, மனித உடலின் அமைப்பைப் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை 1543இல் பாசல் நகரில் அச்சிட்டார். படங்களுக்குரிய மரக்கட்டைகள் வெனிஸிலிருந்து ஆல்ப்ஸ் மலை கடந்து சென்றன. முதற் பகுதி என்புகளையும் குருத்தெலும்புகளையும் பற்றியதே. வீட்டிற்குச் சுவரும் கூடாரத்திற்குக் கம்பமும் போல உடலுக்கு என்பு அடிப்படையாதலின், அதனை முதலில் வைத்தார். மண்டையோட்டின் அசையாப் பொருத்துவாய்கள், கிண்ணத்துட் பந்துபோற் சுழலும் இடுப்பு மூட்டு, கதவின் கீல்போல் மடங்கும் முழங்கால் முதலியன ஆங்கு விளங்குகின்றன. அவ்வாண்டு பாசலில் அவர் அமைத்துக் கொடுத்த என்புக்கூடு இன்றும் அந்நகரத்து உடற்கூற்றுப் பொருட்காட்சிச் சாலையில் உள்ளது.

நூல் வெளிவந்ததும் எதிர்ப்பு எழுந்தது. பாரிஸில் அவர்க்குக் கற்பித்த சில்வியஸே முன்னின்றார். கேலன் பிழையார், அவர் காலத்திற்குப் பின் மனித உடலே நலிந்து மாறியது என அவர் வாதித்தார், 1551இல் தம் மாணாக்கரைப் பித்தர் எனப் பழித்து நூலும் எழுதினார். முன்னரே மனம் நைந்த வெசாலியஸ் தம் கையெழுத்துக் குறிப்புக்கள் பலவற்றைத் தீயிலிட்டுச் சக்கரவர்த்தியின் மருத்துவராகச் சென்றிருந்தார். ஆயினும் நூலைக் கைவிட்டாரல்லர். திருத்திய இரண்டாம் பதிப்பை 1555இல் வெளியிட்டார். 1564இல் எருசலேம் யாத்திரை சென்று மீளும் வழியில், கிரேக்க நாட்டு ஸாந்தேத் தீவில் உயிர் துறந்தார். பிறர் என்புகளை இத்துணை அன்போடு கோத்தவரின் என்புகள் கிடக்குமிடம் இன்று எவர்க்கும் தெரியாது.

இவ்வரலாறு இலக்கியம் பயிலும் நமக்கும் உரியதே. மனித உடல் மூலம். கேலன் நூல் அதற்கு உரை. மூலத்தைப் பாராது உரையை மட்டும் மனப்பாடம் செய்தோர் 1,300 ஆண்டுகள் வழி தவறினர். தேர்வு நெருங்குங்கால் செய்யுளைத் திறவாது குறிப்புரையை உருப்போடும் யாம் அவரை நகைத்தற்கு உரியரோ? வியப்பு யாதெனில், மனித என்புகளைக் கண்ணாற் கண்டே கற்கவேண்டும் என அறிவுறுத்தியவர் கேலனே. அவர் முடிபுகளைப் போற்றியோர் அவர் அறிவுரையை மறந்தனர். அவர் முடிபுகளை மறுத்த வெசாலியஸே அவ்வறிவுரையை நிறைவேற்றினார். எனவே, கேலனுக்கு உண்மை மாணாக்கர் சில்வியஸ் அல்லர், வெசாலியஸே. நம் ஆசிரியர்க்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கையும் அதுவே.