அன்னங்களுக்குப் பெயர் வைத்த பீட்டர் ஸ்காட்: அந்தக் குறிப்புகள் இன்று ஏன் முக்கியம்?

1912-ல் அண்டார்டிகாவில் ராபர்ட் ஸ்காட் இறந்தபோது மகன் பீட்டருக்கு வயது 2. மகனுக்கு இயற்கை மீது ஆர்வம் வரச் செய்யும்படி மனைவிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தார் ராபர்ட்.

வளர்ந்த பீட்டர் இறங்கியதோ வாத்து வேட்டையில்! போகப் போக மனசு மாறி, துப்பாக்கியைக் கீழே வைத்தார். 1946-ல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். உலகம் அறிந்த டபிள்யூ.டபிள்யூ.எஃப் பாண்டா லோகோவை வரைந்தவரும் இவர்தான்.

1964-ல், குளிர்காலத்தைக் கழிக்க வந்த பெவிக் அன்னங்களை ஜன்னல் வழியே கவனித்தார். ஒவ்வொன்றின் அலகிலும் கறுப்பு-மஞ்சள் வடிவம் வேறு வேறு. நம்ம கைரேகை மாதிரி. அதை வரைந்து, பெயர் வைத்து, யார் யார் திரும்பி வருகிறார்கள் என்று ஆண்டுதோறும் குறித்தார்.

1989-ல் அவர் மறைந்தார்; பதிவு நிற்கவில்லை. இப்போது குளிர் குறைந்ததால், ரஷ்ய ஆர்க்டிக்கில் இருந்து கிளம்பும் பல அன்னங்கள் பிரிட்டன் வராமல் ஜெர்மனி பக்கமே தங்கிவிடுகின்றன. ஆனால் வராதவை எல்லாம் இடம் மாறியவை அல்ல. 1990-களின் நடுப்பகுதிக்குப் பிறகு மொத்த எண்ணிக்கையே சரிந்திருக்கிறது. எது இடமாற்றம், எது இழப்பு என்று பிரித்துத் தெரிந்தால்தான், எந்த நாட்டின் ஈரநிலத்தைக் காக்கணும் என்று முடிவெடுக்க முடியும். அதற்கு அந்த அலகுப் படங்களும் கைகொடுக்கின்றன.