அடக்கத்துக்கு ஆட்கள் கூடினபின் கண் திறந்தவர்

செத்துப் பிழைத்தேன், பரலோகத்தைப் பார்த்தேன் என்கிற சாட்சிகளை அடிக்கடி கேட்கிறோம். அது மெய்யா, மூளை காட்டுகிற படமா என்று பலர் என்னிடம் கேட்கிறீர்கள். ஆகவே ஒரு பழைய எழுப்புதல் ஊழியக்காரரின் வாழ்க்கையை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

வில்லியம் டென்னென்ட் 1705ல் அயர்லாந்தில் பிறந்தவர். குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அதே பேர் கொண்ட தகப்பனார், பென்சில்வேனியாவில் மரக்கட்டைகளால் கட்டின சின்ன வீட்டில் வாலிபரை ஊழியத்துக்குப் பழக்கினார். ஜனங்கள் பரிகாசமாகக் கட்டைக் கல்லூரி என்றார்கள். அமெரிக்காவின் பெரிய எழுப்புதலுக்கு அங்கிருந்தே ஊழியர்கள் புறப்பட்டார்கள்.

நம்முடைய வில்லியம் நியூ பிரன்ஸ்விக் ஊரில் அண்ணன் கில்பர்ட்டிடம் தங்கி இரவுபகலாய் வேதசாஸ்திரம் படித்தார். உடம்பு எலும்பாய்ப் போயிற்று. ஒருநாள் காலை அண்ணனோடு லத்தீனில் தன் ஆத்துமாவைக் குறித்துப் பேசிக்கொண்டிருக்கையில் மயங்கி விழுந்தார். மூச்சில்லை. பலகையில் கிடத்தி, மறுநாள் அடக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் சிநேகிதரான இளம் டாக்டர் ஓடிவந்தார். கையை வெந்நீரில் நனைத்து, அக்குளில் வைத்துப் பார்த்தார். லேசான சூடு இருக்குது, அடக்கம் பண்ணாதீங்க என்று கெஞ்சினார். வேறு யாருக்கும் அந்தச் சூடு தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜனங்கள் திரும்பவும் கூடினார்கள். டாக்டர் ஒரு மணி நேரம் கேட்டார், பிறகு அரைமணி, பிறகு கால்மணி. பிணத்தோடு என்ன வேலை என்று கில்பர்ட் கோபித்துக்கொண்ட அந்த நேரத்தில் வில்லியம் கண் திறந்து முனகினார்!

உயிர் வந்தது, ஞாபகம் வரவில்லை. தங்கை கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். தங்கை அழுதுவிட்டாள். அண்ணன் திரும்ப எழுத்துக் கற்றுக்கொடுத்தார். ஒருநாள் லத்தீன் பாடத்தின் நடுவில் தலையில் அதிர்ச்சி போலத் தோன்றி, பழைய படிப்பு கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியது.

அந்த மூன்று நாளில் சொல்லிமுடியாத மகிமையையும் துதிக்கிற திரளான கூட்டத்தையும் கண்டாராம். சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டபோது, திரும்பிப் போகவேண்டும் என்று தோளைத் தட்டினார்களாம். அவருக்கோ பத்து இருபது நிமிஷம் போலத்தான் இருந்தது. இதை எலியாஸ் பூடினோ என்பவர் எழுதி 1806ல் வெளிவந்தது.

விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது? அன்றைக்கு ஈசிஜி கிடையாது. இன்றைய டாக்டர்கள் இதை மரணமல்ல, ஆழ்ந்த மயக்கம் என்பார்கள். 2013ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எலிகளைச் சோதித்தபோது, இருதயம் நின்றபின் சுமார் 30 விநாடிக்குள் மூளையில் மின்சார அலை பெருகக் கண்டார்கள். நெதர்லாந்தில் வான் லோமெல் 2001ல் வெளியிட்ட ஆய்வில், இருதயம் நின்று பிழைத்த 344 பேரில் 62 பேரே ஏதோ அனுபவம் சொன்னார்கள். மற்ற 282 பேர் எதையும் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை நான் ஒரு சகோதரிக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருதயம் நின்று பிழைத்தவர். இருட்டுதான் இருந்தது, எனக்குப் பரலோகத்தில் இடமில்லையா பாஸ்டர் என்று அழுதார். அம்மா, இரட்சிப்பு மயக்கத்தில் காண்கிற காட்சியைப் பொறுத்ததல்ல, சிலுவையைப் பொறுத்தது என்றேன். முகம் தெளிந்தது.

டென்னென்ட்டும் அப்படித்தான் இருந்தார். 1733 முதல் நியூஜெர்சி ஃப்ரீஹோல்டில் சுமார் 44 வருஷம் ஒரே சபையை மேய்த்தார். தரிசனத்தை வைத்துப் பேர் தேடவில்லை. வருந்திக் கேட்டால்தான் தயக்கத்தோடு சொல்வார். 1742ல் டாம் பெல் என்ற ஏமாற்றுக்காரனின் காரியத்தில் பொய்சாட்சி வழக்கு வந்தபோதும் ஜெபத்தோடு நின்று விடுதலையானார்.

மூன்றாம் வானத்துக்கு எடுக்கப்பட்ட பவுலும் 14 வருஷம் கழித்தே அதைச் சொன்னார், அதுவும் தன் பேரைச் சொல்லாமல். பிரியமானவர்களே, மூளையில் நடப்பதை டாக்டர்கள் ஆராயட்டும், பயப்படவேண்டாம். அலை எப்படி எழும்பிற்று என்று கருவி காட்டும். அப்பால் யார் காத்திருக்கிறார் என்பதை விசுவாசத்தினால் அறிகிறோம்.

1777 மார்ச் 8ந்தேதி டென்னென்ட் மறுபடி கண் மூடினார். இந்தமுறை யாரும் தோளைத் தட்டித் திருப்பி அனுப்பவில்லை. தான் பிரசங்கித்த ஆலயத்தின் தளத்துக்குள்ளேயே அடக்கம்பண்ணப்பட்டார். நாமும் ஆயத்தமாயிருப்போமா? ஆமென்.