கமலா நேரு அம்மையார்

நாட்டு விடுதலைக்காக உழைத்தோருள் உடல் வலிமை வாய்ந்தோர் பலர். நோய் உடலை அரித்துக்கொண்டிருக்கவும், அதனைப் பொருட்படுத்தாது உழைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கமலா நேரு அம்மையார். பண்டித ஜவாஹர்லால் நேருவின் மனைவியார் என்றும், இந்திரா காந்தி அம்மையாரைப் பெற்றெடுத்த தாயார் என்றும் உலகம் அவரை அறியும். ஆயினும், பிறருடைய நிழலாக மட்டும் வாழ்ந்து மறைய அவர் விரும்பினார் அல்லர். தாமும் ஒரு தொண்டு ஆற்றவேண்டும், அதனால் தாமும் ஒருவராக மதிக்கப்பெறவேண்டும் என்னும் வேட்கை அவர் நெஞ்சில் என்றும் கனன்றுகொண்டிருந்தது. அவ்வேட்கைக்கும் அவருடைய நோய்க்கும் இடையே நிகழ்ந்த போராட்டமே அவர் வரலாறு எனலாம்.

கமலா 1899 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் தில்லி மாநகரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் தில்லியிற் குடியேறிய காசுமீரப் பண்டிதர் மரபினர். அக்கால வழக்கப்படி பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பு வேண்டுவதில்லை எனக் கருதிய பெற்றோர், பண்டிதர் ஒருவரையும் மௌல்வி ஒருவரையும் அமர்த்தி வீட்டிலேயே கல்வி கற்பித்தனர். ஆங்கிலம் அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. 1916 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8 ஆம் நாள், வசந்த பஞ்சமித் திருநாளன்று, அவருக்கும் ஜவாஹர்லாலுக்கும் தில்லியில் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு வயது 16. இங்கிலாந்தில் ஏழாண்டு பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்று மீண்டிருந்த மணமகனுக்கோ வயது 26.

மணமகள் புகுந்த இல்லம் அலகாபாத்திலிருந்த ஆனந்த பவனம். மாமனார் மோதிலால் நேரு பெரும்பொருள் ஈட்டிய வழக்கறிஞர். மேனாட்டு முறையில் உண்பதும் உடுப்பதும் அவ்வில்லத்தின் வழக்கம். பழைய முறையில் வளர்ந்த இளம்பெண் அச்சூழலில் எவ்வளவு திகைத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்த்தல் அரிதன்று. கணவரோ தொடக்கத்தில் வழக்கறிஞர் தொழிலிலும், பின்னர் நாட்டுப் பணியிலும் தம்மை மறந்து ஈடுபட்டவர். அருகிலிருந்த மனைவியின் உள்ளத்தை அறிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை, நினைவும் இல்லை. இதனை வேறு எவரும் குற்றமாகக் கூறவேண்டுவதில்லை. 1944 ஆம் ஆண்டில் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தபோது நேருவே தம் நூலில் இதனை ஒளிக்காமல் எழுதிவைத்தார். மனைவியிடமிருந்து தாம் பெற்ற வலிமை பெரிது என்றும், அதற்கு ஈடாகத் தாம் அளித்தது மிகச் சிறிது என்றும் அவர் வருந்தினார்.

1917 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள் இந்திரா பிறந்தார். சில ஆண்டுகளில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் ஆனந்த பவனத்தின் வாழ்க்கையை அடியோடு மாற்றியது. பட்டும் அன்னியத் துணியும் அகன்றன, கதர் புகுந்தது. எளிய வாழ்வு கமலாவுக்குச் சுமையாகத் தோன்றவில்லை. ஆயின் அவர் உடல்நிலை நாளும் தளர்ந்துவந்தது. 1924 ஆம் ஆண்டில் அவருக்குப் பிறந்த ஆண் குழந்தை சில நாட்களே உயிர் வாழ்ந்து மறைந்தது. அடுத்த ஆண்டில் அவர் லக்னௌ மருத்துவமனையிற் பல திங்கள் படுக்கையிற் கிடந்தார். அவரைப் பற்றிய நோய் காசநோய் என்று மருத்துவர் கண்டனர்.

அந்நாளில் காசநோய்க்கு நேரான மருந்து கிடையாது. அந்நோய்க் கிருமியை அழிக்கவல்ல ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943 ஆம் ஆண்டிலேதான் கண்டறியப்பட்டது. அதற்குமுன், தூய காற்று, நல்லுணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றையே மருத்துவர் நம்பியிருந்தனர். அவற்றை நாடி 1926 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கமலாவும் கணவரும் மகளும் ஸ்விட்சர்லாந்துக்குக் கப்பலேறினர். ஜெனீவா நகரிலும், மலைமேல் உள்ள மொந்தானா என்னும் ஊரிலும் தங்கி மருத்துவம் செய்துகொண்டனர். ஓரளவு நலமுற்றதும் 1927 டிசம்பரில் கொழும்பு வழியாகத் தாயகம் மீண்டனர். அவ்வாண்டுக் காங்கிரஸ் மகாசபை சென்னையிற் கூடியமையால், அவர்கள் முதலில் வந்தடைந்தது நம் சென்னை மாநகரே என்பது தமிழ் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1930 ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏப்ரல் 14 ஆம் நாள் ஜவாஹர்லால் சிறைப்பட்டார். ஜூன் இறுதியில் மோதிலாலும் சிறைப்பட்டார். தலைவர்கள் யாவரும் உள்ளே அடைபட்டபின் இயக்கம் தானே ஓய்ந்துவிடும் என்று அரசினர் கருதினர் போலும்! அவர்கள் பெண்களை எண்ணிப் பார்க்கவில்லை. அதுவரை வீட்டு வாயிலைக் கடவாத மகளிர் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். அலகாபாத்தில் அவர்களைத் திரட்டி நடத்தியவருள் முன்னின்றவர் கமலா. அன்னியத் துணி விற்கும் கடைகளின்முன் வடநாட்டுக் கோடை வெயிலில் மறியல் செய்தார், ஊர்வலங்களை நடத்தினார், கூட்டங்களிற் பேசினார். நோயாளி என்று கருதி வீட்டார் பாதுகாத்துவந்த அந்த மெல்லிய உருவத்தினுள் இத்துணை ஆற்றல் எங்கே மறைந்து கிடந்தது என்று கண்டவர் வியந்தனர். சிறையில் இச்செய்திகளைக் கேட்ட கணவரும் வியந்தார். மணம் செய்து 14 ஆண்டுகள் கழிந்தபின் அவர் தம் மனைவியைப் புதியராகக் காணத் தொடங்கினார்.

மோதிலால் தம் பழைய மாளிகையைக் காங்கிரசுக்கு அளித்திருந்தார். சுயராஜ்ய பவனம் எனப் பெயர் பெற்ற அம்மாளிகையின் சில அறைகளில், தடியடியால் காயமுற்ற தொண்டர்களுக்காக ஒரு சிறு மருத்துவமனை அமைக்கப்பட்டது. கமலாவின் உள்ளம் முழுவதும் அதிலேயே படிந்தது. நோயின் துன்பத்தைத் தம் உடலில் உணர்ந்தவருக்கன்றோ பிறர் நோயின் கொடுமை நன்கு விளங்கும்! 1932 ஆம் ஆண்டில் அரசினர் அக்கட்டடத்தைக் கைப்பற்றிக்கொண்டனர். ஆயினும் மருத்துவத் தொண்டைப் பற்றிய கவலை கமலாவை விட்டு நீங்கவில்லை.

1931 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் கமலா சிறைப்படுத்தப்பட்டு லக்னௌ சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். தோழியர் பலர் முன்பே சிறை புகுந்திருக்கத் தாம் மட்டும் வெளியே இருப்பதைக் குறையாகக் கருதிவந்த அவருக்கு அஃது ஒரு புத்தாண்டுப் பரிசாகவே அமைந்தது. மாமனார் மோதிலால் இறக்கும் தறுவாயில் இருந்தமையால் அத்திங்கள் இறுதியில் விடுவிக்கப்பட்டார். பிப்ரவரி 6 ஆம் நாள் மோதிலால் உயிர் நீத்தார்.

அவ்வாண்டுக் கோடையில் கணவரும் மனைவியும் மகளும் இளைப்பாற இலங்கை சென்று, நுவரெலியா மலையிற் சின்னாட்கள் தங்கிப் பின்னர்க் கன்னியாகுமரி முதலாகத் தென்னாட்டைச் சுற்றி வந்தனர். வழியில் ஐதராபாத்தில், முகத்திரை அணியும் வழக்கமுடைய பெண்கள் சிலர் கமலாவைக் காண வந்தனர். ஆடவர் வகுத்த சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் பெண்கள் அடிபணிந்தே கிடத்தல் வேண்டா என்று கமலா அவர்களிடம் பேசினார். இரண்டு மூன்று வாரம் கழித்து ஐதராபாத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர், அன்று வந்திருந்த பெண் ஒருவரின் கணவர். கமலா வந்து சென்றபின் தம் மனைவி முன்போலச் சொற்கேட்பதில்லை என்றும், எதிர்த்து வாதிடுகிறாள் என்றும் அவர் முறையிட்டிருந்தார். ஒரு பிற்பகற் பேச்சின் பயன் இவ்வளவாயின், உடல்நலம் மட்டும் துணை நின்றிருந்தால் அவ்வம்மையார் எவ்வளவு செய்திருப்பார்!

துணை நில்லாதது உடல்நலம் ஒன்றே. 1934 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜவாஹர்லாலைச் சிறைப்படுத்தப் போலீசார் ஆனந்த பவனத்துக்கு வந்தனர். அவருக்கு வேண்டிய துணிகளை எடுத்துவர உள்ளே சென்ற கமலா, விடைபெற வந்த கணவரைப் பற்றிக்கொண்டவாறே மயங்கி வீழ்ந்தார். எத்தனையோ முறை முகம் மலர விடைகொடுத்து அனுப்பியவர் அவர். ஆகஸ்டில் நோய் முற்றியது. அரசினர் ஜவாஹர்லாலை 11 நாட்கள் வெளியே விட்டு மீண்டும் சிறையில் அடைத்தனர். தண்டனைக் காலம் முடியும்வரை அரசியலில் ஈடுபடுவதில்லை என உறுதி கூறினால் அவரை விடுதலை செய்து மனைவியின் அருகில் இருக்கவிடலாம் என்னும் குறிப்பும் வெளிப்பட்டது.

இஃது எளிய சோதனையன்று. உயிருக்குப் போராடும் மனைவி ஒரு புறம். ஏற்றுக்கொண்ட கொள்கை மறு புறம். அக்டோபர்த் தொடக்கத்தில் ஒரு நாள் மனைவியைக் காண அவர் அழைத்துவரப்பட்டார். கமலா கடுங் காய்ச்சலால் நினைவு தடுமாறிக் கிடந்தார். கணவர் புறப்படும் வேளையில் அவர் முகத்திற் புன்னகை அரும்பியது. குனியுமாறு சைகை காட்டினார். குனிந்தவர் செவியில், அரசினர்க்கு உறுதிமொழி எதுவும் கொடுத்தல் கூடாது என்று மெல்லிய குரலிற் கூறினார். கணவர் அருகில் இருத்தலைவிட வேறு மருந்தில்லாத நிலையில், அம்மருந்தை வேண்டா என்று மறுத்தவர் நோயாளியே ஆவார்.

பின்னர் அவர் நைனிதாலை அடுத்த பவாலியில், பைன் மரங்கள் சூழ்ந்த காசநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். கணவரை அருகிலுள்ள அல்மோரா சிறைக்கு மாற்றினர். இடையிடையே சிறிது நேரம் கண்டு பேச இசைவு கிடைத்தது. 1935 மே மாதத்தில் மருத்துவத்தின் பொருட்டுக் கமலா மீண்டும் ஐரோப்பா செல்ல நேர்ந்தது. திரும்பி வருதல் உறுதியன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். தாம் வளர்த்த மருத்துவமனையைக் காக்கும் பொறுப்பைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்துவிட்டே சென்றார்.

ஜெர்மனியில் பாடன்வைலர் என்னும் ஊரில் அவர் நிலை கவலைக்கிடமாயிற்று. செப்டம்பர் 4 ஆம் நாள் ஜவாஹர்லால் விடுதலை பெற்று, விமானமேறி ஐந்து நாட்களில் அங்கே போய்ச் சேர்ந்தார். குளிர்காலம் கழிவதற்குள், 1936 சனவரியில், நோயாளி ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகருக்கு மாற்றப்பட்டார். அப்போது தாயகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது: லக்னௌ காங்கிரசுக்கு நேருவே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். செல்வதா, பதவியைத் துறப்பதா என்று அவர் மயங்கினார். பதவியைத் துறத்தல் கூடாது, சென்று வரவேண்டும் என்பது கமலாவின் துணிபு. பிப்ரவரி 28 ஆம் நாள் புறப்படுவதாக ஏற்பாடு ஆயிற்று. நோயின் போக்கைக் கண்ட மருத்துவர் பயணத்தைச் சில நாள் தள்ளிவைக்குமாறு கூறினார். அதே பிப்ரவரி 28 ஆம் நாள் விடியற்காலையில், கணவரும் மகளும் அருகிருக்க, கமலா உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36.

உடல் லோசானிலேயே எரியூட்டப்பட்டது. அஸ்தி அடங்கிய கலத்துடன் ஜவாஹர்லால் விமானத்தில் திரும்பினார். வழியில் ரோமாபுரியில் முசோலினி அவரைக் காண விரும்பினான். அபிசீனிய நாட்டின்மீது அவன் படையெடுத்திருந்த காலம் அது. துயரத்தில் ஆழ்ந்திருந்தும், அந்த அழைப்பை அவர் உறுதியாக மறுத்துவிட்டார். சிறையில் எழுதிய அவருடைய சுயசரிதை அப்போது இலண்டனில் அச்சாகிக்கொண்டிருந்தது. பாக்தாதில் விமானம் இறங்கியபோது அவர் பதிப்பாளருக்குத் தந்தி அடித்து, மறைந்த கமலாவுக்கே அந்நூலை உரிமையாக்கினார். அலகாபாத்தில் கங்கை நீர் அந்த அஸ்தியை ஏற்றுக்கொண்டது.

காந்தியடிகள் கமலாவுக்கு அளித்த வாக்கை மறக்கவில்லை. நாட்டு மக்களிடம் பொருள் திரட்டப்பட்டது. 1939 ஆம் ஆண்டு நவம்பர் 19 ஆம் நாள், இந்திரா பிறந்த நாளன்று, கமலா நேரு நினைவு மருத்துவமனைக்கு அடிகளே அலகாபாத்தில் அடிக்கல் நாட்டினார். 1941 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள், கமலா மறைந்து ஐந்தாண்டு நிறைவுற்ற அதே நாளில், அதனைத் திறந்துவைத்தவரும் அடிகளே. இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அந்நகரில் அம்மருத்துவமனை தொடர்ந்து பணியாற்றிவருகிறது. திறப்பு விழாவுக்குத் திரண்டு வந்த கூட்டத்தில் ஜவாஹர்லால் இல்லை. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் நான்காண்டுத் தண்டனை பெற்று, அன்றும் அவர் சிறையில் இருந்தார்.