எந்திரச் சிறுவனுக்கு உயிரூட்டியவர்: ஜப்பானிய அனிமேஷன் முன்னோடி ஒசாமு தெசுகா

கோலார் தங்கவயல், பிப். 9: ஜப்பானிய அறிவியல் புனைவு அனிமேஷனுக்கு அடித்தளம் இட்டவரும், 'ஆஸ்ட்ரோ பாய்' என உலகம் அறிந்த எந்திரச் சிறுவனைப் படைத்தவருமான ஒசாமு தெசுகாவின் நினைவு நாள் பிப்ரவரி 9 ஆகும். 1989-ஆம் ஆண்டு இதே நாளில் டோக்கியோவில் அவர் காலமானார். மருத்துவராகத் தகுதி பெற்றும் ஒரு நாளும் மருத்துவத் தொழில் புரியாத அவர், 60 ஆண்டு வாழ்நாளில் ஒன்றரை லட்சம் பக்கங்களுக்கு மேல் சித்திரக்கதை வரைந்து முடித்தவர்.

தெசுகா 1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி ஒசாகா மாகாணத்தின் தொயோனாகாவில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் தகராசுகா நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் இசை நாடகக் குழுவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அந்நாடகங்களுக்கு அன்னை அவரை அழைத்துச் சென்றார். தந்தை வீட்டிலேயே சிறு படவீழ்த்தி வைத்திருந்ததால், வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படங்களை வீட்டுச் சுவரில் பார்த்து வளரும் வாய்ப்பு அச்சிறுவனுக்குக் கிடைத்தது.

பூச்சிகளைச் சேகரிப்பதிலும் அவற்றை நுட்பமாக வரைவதிலும் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. ஜப்பானிய மொழியில் 'ஒசாமுஷி' என்பது ஒரு வண்டினத்தின் பெயர். தம் பெயரோடு அது ஒத்திருந்ததால், பூச்சியைக் குறிக்கும் எழுத்தைத் தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். பின்னர் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கும் பூச்சி என்ற பொருளுடைய 'முஷி' என்பதே பெயராயிற்று.

போரின் நிழலில்

இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் மாணவர்கள் ஆயுத உற்பத்திப் பணிகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒசாகாவில் அத்தகைய பணியில் இருந்த தெசுகா, 1945 ஜூன் மாத வான்வழித் தாக்குதலில் உயிர் தப்பினார். எரிந்த நகரையும் ஆற்றங்கரையில் குவிந்து கிடந்த உடல்களையும் கண்ட அனுபவம் அவரது படைப்புகளில் இறுதிவரை எதிரொலித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், கடற்படையின் ஆதரவுடன் தயாரான 'மொமொதாரோ' என்ற முழுநீள அனிமேஷன் படத்தை ஒசாகா திரையரங்கு ஒன்றில் பார்த்தார். அது போர்ப் பிரசாரப் படமே எனினும், அதன் காட்சிகளில் வெளிப்பட்ட கனிவு அவரை நெகிழச் செய்தது. என்றேனும் ஒரு நாள் தாமும் அனிமேஷன் படம் எடுக்க வேண்டும் என்று அன்று உறுதி பூண்டார்.

மருத்துவமா, சித்திரமா?

போர் முடிந்த 1945-இலேயே ஒசாகா பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவில் அவர் சேர்ந்தார். அடுத்த ஆண்டே நாளிதழ் ஒன்றில் அவரது முதல் சித்திரக்கதைத் தொடர் வெளிவந்தது. 1947-இல் வெளியான 'புதிய புதையல் தீவு' என்ற மலிவுப் பதிப்பு லட்சக்கணக்கில் விற்றதாகக் கூறப்படுகிறது. திரைப்பட ஒளிப்பதிவுக் கருவி நகர்வதைப் போன்று கட்டத்துக்குக் கட்டம் கோணம் மாறும் அதன் வரைமுறை, அக்கால வாசகர்களுக்குப் புதுமையாக இருந்தது.

படிப்பும் தொழிலும் ஒன்றையொன்று நெருக்கியபோது, எதைத் தேர்வது என்று அன்னையிடம் ஆலோசனை கேட்டார். உள்ளம் எதை விரும்புகிறதோ அதையே செய்யுமாறு அவர் கூறியது தெசுகாவின் பாதையைத் தீர்மானித்தது. எனினும் படிப்பை அவர் கைவிடவில்லை. மருத்துவத் தேர்வில் வெற்றி பெற்றதுடன், நத்தையின் விந்தணுக்களை ஆராய்ந்து 1961-இல் முனைவர் பட்டமும் பெற்றார். இம்மருத்துவ அறிவே 1973-இல் தொடங்கிய 'பிளாக் ஜாக்' என்ற அறுவை மருத்துவர் கதைக்குத் துணை நின்றது.

அணுவின் பெயர் கொண்ட சிறுவன்

1951-இல் சிறுவர் இதழ் ஒன்றில் வெளியான தொடரில் துணைப் பாத்திரமாக அறிமுகமான எந்திரச் சிறுவன், மறு ஆண்டு தனித் தொடரின் நாயகனானான். 'அட்டோமு' என்ற அவன் பெயருக்கு அணு என்பதே பொருள். விபத்தில் மகனை இழந்த விஞ்ஞானி ஒருவர், மகனின் உருவில் ஓர் எந்திரத்தைச் செய்கிறார். அது வளராது என்பதை உணர்ந்ததும் வெறுப்புற்று, சர்க்கஸ் கூடத்துக்கு விற்றுவிடுகிறார். வேறொரு பேராசிரியர் அவனை மீட்டு ஆதரிக்கிறார்.

ஒரு லட்சம் குதிரைத்திறன் கொண்ட அச்சிறுவனின் சாகசங்களே வாசகர்களைக் கவர்ந்தன. ஆனால் கதையின் உள்ளீடு வேறாக இருந்தது. மனிதரைப் போலவே உணரும் எந்திரங்களுக்கு உரிமை உண்டா, தம்மைப் போலில்லாதவர்களை மனிதர்கள் ஏன் ஒடுக்குகிறார்கள் என்ற கேள்விகளை அது சிறுவர்களின் முன் வைத்தது. அணுகுண்டுக்கு இரு நகரங்களைப் பலிகொடுத்த நாட்டில், அணுவின் பெயர் தாங்கிய பாத்திரம் அமைதிக்காகப் போராடியது.

தொலைக்காட்சியில் புதிய தொடக்கம்

1961-இல் தம் வருவாயைக் கொண்டு அனிமேஷன் கூடம் ஒன்றை தெசுகா நிறுவினார். 1963 ஜனவரி 1-ஆம் தேதி ஃபுஜி தொலைக்காட்சியில் 'அட்டோமு' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் ஒளிபரப்பான இத்தொடர், 1966 டிசம்பர் 31 வரை 193 பகுதிகளாக நீடித்தது. ஒரு கட்டத்தில் பார்வையாளர் விகிதம் 40 சதவீதத்தைக் கடந்தது. முதல் ஆண்டிலேயே 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற பெயரில் அமெரிக்காவையும் சென்றடைந்தது. பூமியைக் காக்க அட்டோமு சூரியனை நோக்கிப் பறந்து செல்வதுடன் தொடர் நிறைவுற்றது.

வாரம் ஒரு பகுதி என்பது அன்று இயலாத காரியமாகக் கருதப்பட்டது. திரைப்படச் சுருளில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் உண்டு. தெசுகாவின் குழுவினர் மூன்று சட்டகங்களுக்கு ஓர் ஓவியம் என்று குறைத்தனர். வாய் மட்டும் அசையும் காட்சிகளையும் அசைவற்ற ஓவியங்களையும் மிகுதியாகப் பயன்படுத்தினர். பறத்தல், ஓடுதல் போன்ற காட்சிகளின் ஓவியங்களைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். இன்றைய ஜப்பானிய அனிமேஷனின் தனித்தன்மைகள் பலவும் இச்சிக்கனத்திலிருந்து பிறந்தவையே.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தயாரிப்புச் செலவை ஈடுசெய்யாத தொகைக்குத் தொடரை விற்ற தெசுகா, இழப்பைப் பொம்மைகள், இனிப்புப் பொதிகளுடன் தரப்பட்ட ஒட்டுப்படங்கள் ஆகியவற்றின் உரிமத் தொகையால் சரிக்கட்டினார். குறைந்த விலையே துறையின் வழக்கமாக நிலைத்து, ஓவியர்களின் ஊதியத்தைப் பாதித்தது என்ற குற்றச்சாட்டு உண்டு. தெசுகா மறைந்த ஆண்டிலேயே, புகழ்பெற்ற இயக்குநர் ஹயாவோ மியாசாகி இக்கருத்தை வெளிப்படையாக எழுதினார். தெசுகாவின் நிறுவனமும் தப்பவில்லை. 1971-இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 1973-இல் நிறுவனம் திவாலானது.

ரசிகர்களே படைப்பாளிகள்

தெசுகா தாமே ஒரு தீவிர ரசிகர். டிஸ்னியின் 'பாம்பி' படத்தை 80 முறைக்கு மேல் அவர் பார்த்ததாகக் கூறப்படுகிறது. அவருடைய ரசிகர்களும் அவ்வாறே இருந்தனர். 'புதிய புதையல் தீவு' நூலைப் படித்து மனம் பறிகொடுத்த சிறுவர் இருவர், பின்னர் ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற பெயரில் இணைந்து வரைந்தனர். டோக்கியோவின் தொகிவாசோ குடியிருப்பில் தெசுகா காலி செய்த அறையில் இவர்களே குடியேறினர். அறைக்குத் தாம் கட்டியிருந்த முன்பணத்தையும் தெசுகா அவர்களுக்காக விட்டுச் சென்றார். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குழந்தைகள் கண்டு களிக்கும் 'டோரேமான்' இவ்விருவரில் ஒருவரின் படைப்பாகும். 'சைபார்க் 009' தொடரைப் படைத்த ஷோதாரோ இஷினோமோரியும் அதே குடியிருப்பில் வாழ்ந்தவர்.

தங்கவயலும் ஒசாகாவும்

'அட்டோமு' ஜப்பானியத் திரைகளில் பறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அணுவினும் நுண்ணிய துகள் ஒன்றைத் தேடி ஒசாகாவிலிருந்து விஞ்ஞானிகள் கோலார் தங்கவயலுக்கு வந்தனர். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொன் தோண்டிய இச்சுரங்கங்களில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூட்டாக ஆய்வு நடத்தின. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயம் 1965-இல் இங்கே பதிவாயிற்று. உலகில் இது முதல் சில பதிவுகளுள் ஒன்று. 1980-களில் புரோட்டான் சிதைவு ஆய்விலும் இரு நாட்டவரும் இணைந்தனர்.

இந்தியாவுடன் தெசுகாவுக்குள்ள உறவு வேறு வகையானது. 1972 முதல் 1983 வரை அவர் வரைந்த 'புத்தர்' சித்திரக்கதை, கபிலவஸ்துவில் தொடங்கி கௌதமரின் வாழ்வைச் சொல்கிறது. சாதி அடுக்கின் அடித்தட்டில் பிறந்தவர்களைக் கதையின் முன்னணியில் அவர் நிறுத்தினார். இதன் ஆங்கிலப் பதிப்பு 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஐஸ்னர் விருதைப் பெற்றது.

இறுதிவரை ஓயாத பேனா

நிறுவனம் வீழ்ந்த பின்னரும் தெசுகா ஓயவில்லை. அவரது குறும்படமான 'ஜம்பிங்' 1984-இல் சாக்ரெப் விழாவிலும், 'பழுதுபட்ட படச்சுருள்' 1985-இல் ஹிரோஷிமா விழாவிலும் தலைசிறந்த பரிசுகளை வென்றன. இரைப்பைப் புற்றுநோயால் மருத்துவமனையில் படுத்திருந்த நிலையிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. பீத்தோவனின் வாழ்வைச் சொல்லும் 'லுட்விக் பி', கோதேயின் கதையைத் தழுவிய 'நியோ ஃபாஸ்ட்' ஆகிய தொடர்கள் முற்றுப்பெறாமல் நின்றன. 1954 முதல் அவ்வப்போது வரைந்து வந்த, சாவையும் மறுபிறப்பையும் பேசும் 'தீப்பறவை' காவியமும் நிறைவெய்தவில்லை.

அவர் வளர்ந்த தகராசுகா நகரில் 1994-இல் அவர் பெயரால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கதைப்படி அட்டோமு பிறந்த நாளான 2003 ஏப்ரல் 7 அன்று ஜப்பானில் அவனுக்கு விழா எடுக்கப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. எந்திரங்களும் மனிதர்களும் எவ்வாறு இணைந்து வாழ்வது என்று தெசுகா எழுப்பிய கேள்வி, செயற்கை நுண்ணறிவு பற்றிய விவாதம் வலுத்துள்ள இக்காலத்திலும் விடை கிடைக்காமலேயே தொடர்கிறது.