மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்

திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருஞ்சாலை நமது ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே போகிறது. மழை பொய்த்த வருஷங்களில் இப்பகுதி ஏழைகள் மூட்டை முடிச்சுகளுடன் பட்டணத்துக்குப் பிழைக்கப் போகும் வழி அதுவே. வீட்டில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை ஒன்று இருந்தால், கிராமத்தில் பாட்டியாவது அண்டை வீட்டாராவது ஒரு கண் வைத்துக்கொள்வர். பட்டணத்திலோ குடியிருப்பது ஒற்றை அறை. தாயும் தகப்பனும் கூலிக்குப் போய்விட்டால், அக்குழந்தைக்குப் பூட்டிய கதவு அல்லது தெரு, இரண்டில் ஒன்றுதான் கதி. இத்தகைய குழந்தைகளுக்கென்று சென்னையில் ஒரு ஸ்தாபனம் கண்ட அம்மையாரின் சரித்திரத்தை நம் ஜில்லாவாசிகள் அறிந்திருப்பது அவசியம்.

அவர் 1909-ம் வருஷம் உதகமண்டலத்தில் ஒரு பார்ஸி குடும்பத்தில் பிறந்தார். வாழ்க்கைப்பட்டதும் வசதியான இடத்திலேயே. 1935-ல் கணவர் காலஞ்சென்றபோது அவருக்கு வயது 26. கையில் ஒரு சிறு பிள்ளை. துக்கத்தில் முடங்கிவிடாமல், 1923-ல் சென்னையில் தோன்றிய கில்ட் ஆப் ஸர்வீஸ் என்னும் சங்கத்தின் வேலைகளில் அவர் இறங்கினார். இரண்டாவது மகாயுத்தத்தின்போது சிப்பாய்களுக்கு உபசாரம் செய்யப் பெண்களைத் திரட்டினார்.

சீமாட்டிகளின் தர்ம காரியம் என்றாலே நமக்குச் சந்தேகம் உண்டாவது இயல்பு. ஒரு நாள் அன்னதானம், ஒரு புகைப்படம், அத்துடன் முடிந்துவிடும் கைங்கரியங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவ்வம்மையார் வேறு விதமாக நினைத்தார். இரக்கம் மட்டும் போதாது, சேவைக்கும் பயிற்சி வேண்டும் என்று கண்டு, 1952-ல் சென்னை சமூகப் பணிக் கல்லூரி ஏற்படப் பாடுபட்டார்.

மறு வருஷமே பால விஹார் தோன்றிற்று. மூளை வளர்ச்சிக் குறைவும் பைத்தியமும் ஒன்றே என்று படித்தவர்களில்கூடப் பலர் எண்ணியிருந்த காலம் அது. பணக்காரர் அத்தகைய குழந்தையைப் பின்கட்டில் மறைத்து வைப்பர். ஏழைக்கு மறைக்கப் பின்கட்டு ஏது? கீழ்ப்பாக்கத்தில் அமைந்த அவ்விடத்தில் அக்குழந்தைகளுக்குத் தங்க இடமும் பயிற்சியும் கிடைத்தன. தானே உண்பது, உடுப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது—இவை அற்பமென்று எண்ணுவோர், அவற்றை ஒரு குழந்தை கற்றுக்கொண்டால் கூலிக்காரத் தாய்க்கு எத்தனை நாழிகை மிச்சமாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

1956-ல் அவர் சென்னை ஷெரீப் பதவி வகித்தார். பத்ம விருதுகள் மூன்றும் அவரைத் தேடி வந்தன. மூன்றாவதான பத்ம விபூஷண் கிடைத்த 1975-லேயே காலமானார்.

2016-ம் வருஷத்துச் சட்டம் 21 வகை ஊனங்களை அங்கீகரித்திருக்கிறது. வக்கீல் என்ற முறையில் அச்சட்டத்தில் நாம் பெரிய குறை காணவில்லை. ஆனால் சலுகை பெறச் சான்றிதழ் வேண்டும். அதற்காக அந்தத் தாய் அன்றைய கூலியை இழந்து, தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.